முயலச் சொன்ன முனிவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களின் நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் ஏற்காட்டில் ஒரு நல்ல மழை விழவேண்டும். விழுந்தால், பத்து நாள்களுக்குள் சரிவெங்கும் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். மல்லிகையோ என்று மயங்கும்படி மணம் வீசும். மழை பொய்த்தால் பூவில்லை, பூவில்லையேல் பழமில்லை, பழமில்லையேல் பறிக்கப் போகும் எங்கள் வீட்டாருக்குக் கூலியும் இல்லை. நீர் இறைத்துத் தெளிக்க வசதியுள்ள பெரிய தோட்டங்களை விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு வானம்தான் கதி. அந்த மழையை எவரும் உழைத்து வரவழைத்துவிட முடியாது. ஆனால் கவாத்து செய்யாத செடி மழை பெய்தாலும் சரியாகப் பூப்பதில்லை என்பதும் தோட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த உண்மை.

அப்படியானால் மனித முயற்சியின் பங்கு எவ்வளவு? நம் கைக்கு அப்பாற்பட்டதன் பங்கு எவ்வளவு? சென்ற ஆண்டு இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியாக இல்லை. முதலாண்டுத் தேர்வில் ஒரு பாடத்தில் தோற்றேன். இரவெல்லாம் விழித்துப் படித்தும் தோற்றேன் என்பதுதான் வேதனை. மனம் ஒருமைப்பட்டால் பாடம் தானே வரும் என்று விடுதி நண்பர் ஒருவர் தியானம் செய்யச் சொன்னார். விடியற்காலையில் எழுந்து கண்ணை மூடி அமர்ந்தேன். எண்ணங்களை விரட்ட விரட்ட அவை கூட்டம் கூட்டமாக வந்தன. படிப்பில் தோற்றவன் சும்மா இருப்பதிலும் தோற்றேன்!

அந்த நாள்களில்தான் நூலகத்தில் பகவான் ரமண மகரிஷியின் வரலாறு என் கையில் கிடைத்தது. முயலாமலே பேறு பெற்றவர் அவர் என்பார்கள். அவரோ தம்மிடம் வந்தவர்களை எல்லாம் முயலச் சொன்னார். இந்தப் புதிர் என்னைப் பற்றிக்கொண்டது. மாணவ நண்பர்களே, அவருடைய வாழ்வை இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே பார்ப்போம்.

சாதாரண மாணவர்

1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்ரா தரிசனத் திருநாளில், இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள திருச்சுழியில் வேங்கடராமன் பிறந்தார். தந்தை சுந்தரமய்யர் அவ்வூரில் வழக்குகள் நடத்தி வந்தவர், தாய் அழகம்மை. 1892இல் தந்தை மறைந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் அண்ணன் நாகசாமியுடன் மதுரையில் இருந்த சிற்றப்பா சுப்பையரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான்.

படிப்பில் அவன் சிறந்து விளங்கியதாக யாரும் எழுதவில்லை. நினைவாற்றல் உண்டு, அக்கறை இல்லை. பந்தாட்டம், மல்யுத்தம், நீச்சல் ஆகியவற்றில் விருப்பம் அதிகம். உறக்கமோ கும்பகர்ண உறக்கம். தூங்கும்போது தோழர்கள் தூக்கிச் சென்று அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போட்டாலும் விழிக்க மாட்டானாம். 1895இல் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொல்லக் கேட்டான். அந்தப் பெயர் அவனை என்னவோ செய்தது. பின்பு பெரிய புராணம் படித்து நாயன்மார்களின் அன்பில் உருகினான். மற்றபடி யோகமோ தியானமோ அவன் பயின்றதில்லை. குருவென்று எவரையும் நாடியதும் இல்லை.

மாடியறையில் நிகழ்ந்தது

1896ஆம் ஆண்டு ஜூலை மாதம். வேங்கடராமனுக்கு வயது பதினாறு. சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனியாக இருந்தபோது, நோய் ஏதும் இல்லாமலே, தான் சாகப் போகிறோம் என்ற பெரும் அச்சம் திடீரென்று பிடித்தது. வேறு பையனாக இருந்தால் அலறிக்கொண்டு கீழே ஓடியிருப்பான். இவனோ மருத்துவரையும் தேடவில்லை, பெரியவர்களையும் கூப்பிடவில்லை. சாவு என்றால் என்ன என்று அப்போதே அறிந்துவிடத் துணிந்தான். பிணம்போல் கைகால்களை விறைக்க நீட்டிப் படுத்தான். உதடுகளை மூடி மூச்சை அடக்கினான். இந்த உடல் செத்துவிட்டது, சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், அதனோடு நானும் செத்துவிட்டேனா என்று தன்னுள் ஆராய்ந்தான். உடல் சவமாகக் கிடந்தும், நான் என்னும் உணர்வு உள்ளே தனித்து ஒளிர்வதைக் கண்டான். மரண பயம் அன்றோடு ஒழிந்தது.

பல்லாண்டுகள் காட்டிலும் குகையிலும் வருந்தித் தேடியவர்களுக்கும் எளிதில் கிட்டாதது, ஒரு பள்ளி மாணவனுக்குச் சில நிமிடங்களில் கிட்டிவிட்டது. இதில் முயற்சி எங்கே இருக்கிறது? முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மீண்டும் படித்தபோது ஒன்று புலப்பட்டது. அச்சம் தானாக வந்தது உண்மை. ஆனால் அச்சத்தைக் கண்டு ஓடாமல் அதன் பக்கமாக முகத்தைத் திருப்பியது அந்தச் சிறுவனின் செயல். மழை வந்தபோது செடி தயாராக இருந்தது எனலாம்.

அண்ணனின் ஐந்து ரூபாய்

அதன்பின் பாடங்களில் மனம் ஒட்டவில்லை. மாலை தோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று கண்ணீர் மல்க நிற்பது வழக்கமாயிற்று. ஆகஸ்டு 29ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காததற்குத் தண்டனையாக அதை மூன்று முறை எழுதிக்கொண்டிருந்தவர், பாதியில் தாள்களை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருப்பவனுக்கு இந்த வீடும் படிப்பும் எதற்கு என்னும் பொருள்படக் கடிந்துகொண்டார். அச்சொல் நியாயமானதே என்று தம்பிக்குப் பட்டது. பள்ளியில் சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தார். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் சென்று தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடும்படி அண்ணன் சொன்னார்.

அந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு வேங்கடராமன் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தன் தந்தையைத் தேடி அவர் கட்டளைப்படி செல்வதாகவும், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும், அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் கடிதத்தில் குறித்திருந்தார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். என் அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு தோட்ட வேலைக்குப் போனவர். என் கல்லூரிக் கட்டணம் அவர் சுமந்த மூட்டைகளில் இருந்து வருகிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணனின் சம்பளப் பணத்தோடு ஒருவர் போய்விட்டார் என்பதை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. மறுநாள்தான் மேலே படித்தேன்.

தவமா, இருப்பா?

திண்டிவனத்துக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துச் சீட்டு வாங்கி ரயிலேறினார். விழுப்புரத்தில் இறங்கி, மாம்பழப்பட்டு வரை ரயிலிலும் அப்பால் கால்நடையாகவும் சென்றார். அறையணிநல்லூர்க் கோயிலிலும் கீழூரிலும் பசியோடு தங்கினார். முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் காதுக் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1ஆம் நாள் காலை திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். மீந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தார். அதற்குப்பின் ஐம்பத்து மூன்றாண்டுகளுக்கு மேலாக அந்த மலையை விட்டு அவர் அகலவே இல்லை.

ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்தார். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். எனவே இருண்ட பாதாள லிங்கக் குகைக்குள் சென்றார். அங்கே பூச்சிகளும் எறும்புகளும் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கியும் உணராமல் இருந்தார். சேஷாத்திரி சுவாமிகள் இவருடைய பெருமையை உணர்ந்து காத்தார். பின்னர் குருமூர்த்தம் என்னும் இடத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்தார். ஊரார் இதைக் கடுந்தவம் என்று போற்றினர்.

பிற்காலத்தில் அவரே இதை மறுத்தார். தாம் நோன்பு நோற்கவும் இல்லை, தவம் என்று எதையும் செய்யவும் இல்லை. உண்ணத் தோன்றாததால் உண்ணவில்லை, பேசத் தோன்றாததால் பேசவில்லை என்பதே அவர் விளக்கத்தின் சாரம். தம்மைப் பார்த்து மற்றவர்களும் உணவையும் உறக்கத்தையும் விட்டு உடலை வருத்துவதை அவர் ஊக்குவித்ததில்லை.

அன்னையின் கண்ணீர்

1898ஆம் ஆண்டு டிசம்பரில் அழகம்மை மூத்த மகனுடன் பவழக்குன்றுக்கு வந்தார். சடைபிடித்த தலையும் அழுக்கேறிய உடலுமாக இருந்த மகனைக் கண்டு பதறினார். நாள்தோறும் வந்து, வீட்டுக்கு வரும்படி கெஞ்சினார், அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. அருகில் இருந்தவர்கள் மனமிரங்கி, எழுதியாவது பதில் தரவேண்டும் என்று தாளும் எழுதுகோலும் நீட்டினர். அவரவர் வினைக்கு ஏற்ப இறைவன் ஆட்டுவிக்கிறான், நடவாதது எவ்வளவு முயன்றாலும் நடவாது, நடப்பது எவ்வளவு தடுத்தாலும் நில்லாது, ஆதலால் மௌனமாக இருத்தலே நன்று என்ற கருத்தை அவர் எழுதித் தந்தார். தாய் அழுதபடியே ஊர் திரும்பினார்.

முயற்சியால் பயனில்லை என்பதா இதன் பொருள்? அப்படியானால் நானும் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு மலையேறிவிடலாமே! ஆனால் இதற்குப் பின் வந்த ஆண்டுகளைப் பார்க்காமல் முடிவுக்கு வருவது தவறு.

1914இல் மகனைக் காண வந்த அன்னை கடும் காய்ச்சலில் வீழ்ந்தார். அப்போது விரூபாட்ச குகையில் இருந்த ரமணர் இரவு பகலாக அருகிலிருந்து பணிவிடை செய்தார். அதோடு அன்னையின் நோய் நீங்க வேண்டுமென்று அருணாசலனை வேண்டி நான்கு பாடல்களும் இயற்றினார். நடப்பது நடக்கும் என்று எழுதிய அதே கை, தாய்க்காக மன்றாடி எழுதியது. அன்னை பிழைத்தார். 1916இல் மகனிடமே வந்து தங்கினார். கந்தாசிரமத்தில் அடியார்களுக்கு உணவு சமைத்துப் போட்டார்.

1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அன்னையின் இறுதி நாள். ஒரு கையை அவர் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி, இரவில் உயிர் அடங்கும் வரை மகன் அந்த இடத்தைவிட்டு எழவில்லை. இதை முயற்சி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? விளைவைத் தன் கையில் பிடித்துவைக்க எண்ணாத முயற்சி என்று நான் புரிந்துகொண்டேன்.

கேட்டவர்களுக்குச் சொன்னது

கல்லூரியில் தத்துவம் பயின்று வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை 1902 வாக்கில் ரமணரிடம் வந்து தம் ஐயங்களைக் கேட்டார். மௌனத்தில் இருந்த இளைஞர் எழுதிக் காட்டிய பதில்களே பின்னர் ‘நான் யார்?’ என்னும் சிறு நூலாயின. எண்ணங்களோடு போரிட வேண்டாம். ஓர் எண்ணம் எழும்போது அது யாருக்கு எழுந்தது என்று கவனித்தால், கவனம் நான் என்னும் மூலத்துக்குத் திரும்பும். எத்தனை முறை எழுந்தாலும் அத்தனை முறையும் சலிக்காமல் திருப்ப வேண்டும் என்பது அதன் உள்ளுறை. மூச்சை அடக்கினால் மனம் அடங்கும், ஆனால் மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டுவிடும். ஆகவே அது துணைக்கருவி மட்டுமே என்றார்.

1907ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் காவியகண்ட கணபதி சாஸ்திரி மலையேறி வந்தார். அவர் வடமொழிப் பெரும்புலவர். பல்லாண்டுகள் கோடிக்கணக்கில் மந்திரம் செபித்தவர். இவ்வளவு செய்தும் தவம் என்றால் என்னவென்று விளங்கவில்லையே என்று காலில் விழுந்தார். நான் என்பது எங்கிருந்து எழுகிறதோ, மந்திர ஒலி எங்கிருந்து பிறக்கிறதோ, அங்கே மனம் அடங்குவதே தவம் என்ற விடை கிடைத்தது. அவர்தாம் பகவான் ரமண மகரிஷி என்ற திருப்பெயரை வழங்கியவர்.

ரமணர் வேறு வழிகளைத் தள்ளிவிடவும் இல்லை. 1927இல் முருகனாரின் வேண்டுகோளுக்கு இணங்கி இயற்றிய முப்பது பாக்களில், பயன் கருதாத செயல், பூசை, செபம், தியானம், மூச்சடக்கம், விசாரம் என ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தை வகுத்துக் காட்டினார். விசாரம் கைகூடாதவர்க்குச் சரணாகதி உண்டு என்றார். இயல்பான நிலையில் முயற்சிக்கு இடமில்லை, ஆனால் அந்நிலை கூடும் வரை முயற்சியை விடலாகாது என்பதே கேட்டவர்களுக்கெல்லாம் அவர் தந்த விடை.

இயற்பியல் மாணவனுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. நேர்க்கோட்டில் சீராக இயங்கும் பொருள் தொடர்ந்து இயங்க விசை வேண்டியதில்லை என்கிறது நியூட்டனின் முதல் விதி. ஆயினும் நாம் மிதிவண்டியை மிதித்துக்கொண்டே இருக்கிறோம். ஏன்? உராய்வு இருப்பதால். உராய்வை வெல்லத்தான் விசை, இயக்கத்துக்காக அன்று. நெடுநாள் பழக்கங்களால் மனத்தில் படிந்துள்ள வாசனைகளே உராய்வு என்று கொண்டால், முயற்சி எதற்கு என்பது விளங்கிவிடுகிறது அல்லவா?

பல வழிகள், ஒரே கேள்வி

இக்கேள்வி ரமணருக்கு மட்டும் உரியதன்று. பதஞ்சலியின் யோக நூல் இடைவிடாத பயிற்சியையும் பற்றின்மையையும் இரு கைகளாக வைத்தது. புத்தர் வகுத்த எட்டு நெறிகளில் நல்முயற்சியும் ஒன்று. சோணர் என்ற துறவி கால்கள் புண்ணாகும்வரை நடந்து நடந்து தியானம் செய்தும் பயன் காணாமல் வாடினார். நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் யாழ் இசைக்காது என்பதை நினைவூட்டிப் புத்தர் அவரை நடுவழிக்குத் திருப்பினார் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. சப்பானிய ஜென் நெறியின் ஒரு பிரிவோ எதையும் நாடாமல் வெறுமனே அமர்ந்திருப்பதையே பயிற்சி என்கிறது.

நம் தமிழ்நாட்டு வைணவத்தில் இதே கேள்வி இரு கலைகளின் வேறுபாடுகளில் ஒன்றாயிற்று. தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல் உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் கொள்கை. தாய்ப்பூனை தானே கவ்விச் செல்லும் குட்டிபோல் உயிர் சும்மா இருந்தால் போதும் என்பது தென்கலையார் கொள்கை. ஜே. கிருஷ்ணமூர்த்தி (1895-1986) இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்றாக ஆகவேண்டும் என்று முயல்வதே மனப்போராட்டத்துக்கு வித்து என்று வாதிட்டார். ரமணரிடம் குரங்குக் குட்டிக்கும் இடமுண்டு. பூனைக் குட்டிக்கும் இடமுண்டு.

அடுப்படியில் ஒரு முனிவர்

அன்னையின் சமாதியை ஒட்டி மலையடிவாரத்தில் ஆசிரமம் எழுந்தது. 1931இல் ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் வந்தார். 1934இல் அவர் வெளியிட்ட நூல் ரமணரின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. 1938இல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்து கண்டார். உலகமே தேடி வந்த அந்த மனிதர், விடியுமுன் எழுந்து சமையலறையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பார், சட்னி அரைப்பார். கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கட்டுவார். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மெருகிட்டுக் கிண்ணமாக்குவார். தமக்கென்று தனியாக எது கொண்டுவந்தாலும் எல்லாருக்கும் பகிர்ந்தால் ஒழியத் தொடமாட்டார். சும்மா இருத்தல் என்பது கையைக் கட்டிக்கொண்டிருத்தல் அன்று என்பதற்கு அந்த அடுப்படியே சான்று.

வீட்டையும் வேலையையும் விட்டுத் துறவு கொள்ள அனுமதி கேட்டு வந்தவர்கள் பலர். அவர்களைப் பெரும்பாலும் திருப்பியே அனுப்பினார். வீட்டை விட்டுக் காட்டுக்குப் போனாலும் மனம் கூடவே வரும், அதை இருக்கும் இடத்திலேயே கவனிக்கலாம், கடமைகளும் அதற்குத் தடையல்ல என்பது அவர் கூறிய அறிவுரை. பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்தவர் பிறரைப் போகச் சொல்லவில்லை! அண்ணனின் ஐந்து ரூபாயில் இடறி நின்ற என் மனத்துக்கு இங்கேதான் ஆறுதல் கிடைத்தது. அவர் வாழ்வில் நிகழ்ந்ததைப் போலச் செய்வது நம் வேலையன்று. அவர் சொன்னதைச் செய்வதே நம் வேலை.

1949இல் இடக்கையில் முழங்கைக்கு அருகே ஒரு கட்டி தோன்றியது. புற்றுக்கட்டி என்று தெரிந்தது. நான்கு முறை அறுவைச் சிகிச்சை செய்தும் பயனில்லை. மருத்துவர்கள் செய்ய விரும்பியதைத் தடுக்காமல் இடம் கொடுத்தார். நோய் தீரவேண்டும் என்று தாம் ஏங்கவில்லை. கடைசி நாள்களிலும் காத்திருந்த மக்களுக்குக் காட்சி தரும் வழக்கத்தை நிறுத்தவிடவில்லை. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்கு, எழுபதாம் வயதில், அமைதியாக அடங்கினார்.

நமக்கு என்ன?

இப்போதும் நான் விடியற்காலையில் பத்து நிமிடம் அமர்கிறேன். எண்ணங்களை விரட்டுவதில்லை. போன மனத்தைத் திருப்பிக் கூப்பிடுகிறேன், அது மறுபடியும் போகிறது, மறுபடியும் கூப்பிடுகிறேன். பெரிய அனுபவம் ஏதும் வாய்த்துவிட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். தோற்ற பாடத்தை மீண்டும் எழுதியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. படிக்கும்போது தேர்வு முடிவை நினைத்து நடுங்குவது மட்டும் குறைந்திருக்கிறது.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அண்ணன் செடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். இந்த ஆண்டு மழை எப்படி இருக்கும் என்று கேட்டேன். அண்ணாந்து வானத்தை ஒருமுறை பார்த்தார். பதில் சொல்லாமல் அடுத்த செடிக்குப் போய்விட்டார். நானும் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

நண்பர்களே, மழை நம் கையில் இல்லை. கவாத்து நம் கையில் இருக்கிறது. முயல்வோம்!